கட்சி உடைந்தால் கட்சி யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். ஏதாவது ஒரு கட்சியில் இரண்டு தலைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், அன்று இரவு தொலைபேசி ஓயாது. கேட்பவர்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. அவர்கள் கேட்ட பாணியிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். எந்த அணி நல்ல அணி என்று இதில் தேடாதீர்கள், அது உங்கள் ஓட்டு.

"உட்கட்சிப் பூசல், பிளவு, கட்சித் தாவல் எல்லாம் ஒண்ணுதானே சார்?"

மூன்றும் வேறு வேறு. பூசல் வீட்டுக்குள் நடக்கும் சண்டை, கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. ஒரு தரப்பு வெளியே போய்ப் புதுக் கடை திறந்தாலோ, இரண்டு தரப்பும் "நாங்கள்தான் அசல்" என்று ஒரே பெயர்ப்பலகையைப் பிடித்து இழுத்தாலோ அது பிளவு. தாவல் என்பது ஒரு எம்எல்ஏவோ எம்பியோ தான் ஜெயித்த கட்சியை விட்டு நகர்வது. இதற்கு மட்டும்தான் அரசியல் சாசனத்தில் தண்டனை இருக்கிறது.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும். பிளவைத் தேர்தல் ஆணையம் பார்க்கும், தாவலைச் சபாநாயகர் பார்ப்பார். பூசலை யாரும் பார்க்க மாட்டார்கள். அதைக் கட்சியே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

"கட்சின்னா எல்லாரும் ஒரே கருத்தில் இருக்கணும். கருத்து வேறுபாடு வந்தாலே கட்சி பலவீனம்தானே?"

அப்படியானால் 1956-ல் திமுக பலவீனமான கட்சியாக இருந்திருக்க வேண்டும். கட்சி தொடங்கி 7 ஆண்டுகள் ஆகியும் தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதே முடிவாகாமல் இருந்தது. சமூக இயக்கமாகவே இருக்கலாம் என்று ஒரு பக்கம், சட்டமன்றத்துக்குப் போகலாம் என்று இன்னொரு பக்கம். திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்து, வந்தவர்களிடமே வாக்குக் கேட்டார்கள். போட்டியிடலாம் என்பதற்கே பெரும்பான்மை கிடைத்தது. 1957-ல் 15 இடங்கள், 1962-ல் 50, 1967-ல் ஆட்சி.

ஒரு கட்சியின் திசையையே மாற்றும் கேள்வி அது. ஆனாலும் கட்சி உடையவில்லை, தோற்ற பக்கத்துக்கும் தன் கருத்து எண்ணப்பட்டது தெரியும். எண்ணுவதற்கு உள்ளே இடம் இல்லாத கட்சிகளில்தான் அதே கேள்வி வீதிக்கு வருகிறது, அப்புறம் நீதிமன்றத்துக்குப் போகிறது.

"கொள்கைக்காகத்தான் பிரிகிறோம்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாகவே கொள்கைக்காகப் பிரிந்த கட்சி ஒண்ணாவது இருக்கா?"

இருக்கிறது. 1964-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்ததை முதலில் சொல்வேன். காங்கிரஸை எதிரியாகப் பார்ப்பதா, அதிலுள்ள முற்போக்காளர்களோடு சேர்ந்து நடப்பதா என்பது அடிப்படைத் தகராறு. 1962 சீனப் போரும், சோவியத்துக்கும் சீனாவுக்கும் இடையே வந்த விரிசலும் அதை முற்ற வைத்தன. அந்த ஏப்ரலில் தேசியக் கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். அவர்களில் ஒருவரான என். சங்கரய்யா 2023-ல் தன் 102-ஆவது வயதில் மறையும் வரை மார்க்சிஸ்ட் கட்சியிலேயே இருந்தார். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி கதிர் அரிவாளோடு நின்றது, மார்க்சிஸ்ட் கட்சி அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் வாங்கியது.

1949-ல் திராவிடர் கழகத்திலிருந்து திமுக பிரிந்தது கொஞ்சம் சிக்கலானது. பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டதால் அண்ணா பிரிந்தார் என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனால் 1947 ஆகஸ்ட் 15-ஐப் பெரியார் துக்கநாள் என்றார், அண்ணா இன்பநாள் என்றார். திருமணத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பாதைகள் விலகிவிட்டன. திருமணம் பிரிவதற்கு நாள் குறித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

1961-ல் ஈ.வெ.கி. சம்பத் திமுகவை விட்டுப் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திராவிட நாடு கைகூடாத கனவு என்றார், கட்சிக்குள் நடிகர்களின் செல்வாக்கு வளர்வதையும் எதிர்த்தார். தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார், அது நிலைக்கவில்லை, காங்கிரஸில் கரைந்தது. ஆனால் 1963-ல் திமுகவே திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. வாதத்தில் ஜெயித்துக் கட்சியில் தோற்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சம்பத்தைத்தான் காட்டுவேன்.

"1972-ல் எம்ஜிஆர் வெளியே வந்தது கொள்கையா, ஈகோவா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் மறுநாள் நாலு பேர் திட்டுவார்கள். நடந்தது இது: கட்சி நிர்வாகிகள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1972 அக்டோபரில் எம்ஜிஆர் பொதுமேடையில் பேசினார். சில நாட்களில் நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ல் அண்ணா திமுக பிறந்தது. கணக்குக் கேட்டவர் அப்போது கட்சியின் பொருளாளர் என்பது இதில் ஒரு வேடிக்கை. அதற்கு முந்தைய ஆண்டு மதுவிலக்கைத் தளர்த்தியதில் அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. யார் அடுத்த இடம் என்ற போட்டியும் இருந்தது.

கொள்கையும் ஆளும் தனித்தனிப் பெட்டியில் இருப்பதில்லை. ஒரு தலைவர் கோபத்தில் கிளம்புகிறார், போகும் வழியில் கொள்கையை எடுத்துக்கொள்கிறார். அது தொண்டனுக்குப் பிடித்துவிட்டால் பிறகு அதுவே காரணம் ஆகிவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: எம்ஜிஆர் உதயசூரியனுக்காகச் சண்டை போட்டுக் காலத்தை ஓட்டவில்லை. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலையோடு மாயத்தேவர் நின்றார், ஜெயித்தார். பழைய சின்னம் இல்லாமலும் முடியும் என்று காட்டிய தேர்தல் அது.

"கூட்டணி பிடிக்கலைன்னு கூட ஒரு கட்சி உடையுமா?"

1996-ல் உடைந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் பெரும்பாலோர் அதிமுகவோடு கூட்டணி வேண்டாம் என்றார்கள். பிரதமராகவும் கட்சித் தலைவராகவும் இருந்த நரசிம்ம ராவ் அந்தக் கூட்டணியைத்தான் முடிவு செய்தார். மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கி, திமுகவோடு சேர்ந்து சைக்கிள் சின்னத்தில் நின்றார். சட்டமன்றத்தில் 39, மக்களவையில் 20 இடங்கள். புதுக் கட்சி, புதுச் சின்னம், பிரசாரத்துக்குச் சில வாரங்கள்தான். 2002-ல் அது காங்கிரஸோடு மீண்டும் இணைந்தது. 2014-ல் ஜி.கே. வாசன் அதே பெயரில் மறுபடி தொடங்கினார்.

"ரெண்டு அணியும் நாங்கதான் கட்சின்னு சொன்னா, சின்னம் யாருக்குன்னு முடிவு பண்றது யாரு?"

இந்தியத் தேர்தல் ஆணையம். 1968-ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15-ஆவது பத்தி அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஏறக்குறைய ஒரு நீதிமன்றம் போலவே நடக்கும்: மனு, பதில் மனு, மூட்டை மூட்டையாகப் பிரமாணப் பத்திரங்கள், டெல்லியில் பெரிய வழக்கறிஞர்கள். பிடிக்காத தரப்பு உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம்.

"எதை வைத்து முடிவு பண்றாங்க? கொள்கையில் யார் சரின்னு பார்ப்பாங்களா?"

பார்க்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கட்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்று நீங்கள் 10 ஆண்டுகள் வாதாடியிருக்கலாம். ஆணையத்தின் வாசலுக்குப் போனதும் கேள்வி மாறிவிடும்: உங்கள் பக்கம் எத்தனை பேர்?

1969-ல் காங்கிரஸ் உடைந்தபோதுதான் இதற்கு அடித்தளம் விழுந்தது. 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது, குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி வேட்பாளர் சஞ்சீவ ரெட்டிக்கு எதிராக வி.வி. கிரி ஜெயித்தது என்று மோதல் முற்றி, நவம்பரில் இந்திரா காந்தியைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். நிஜலிங்கப்பா, காமராஜர், மொரார்ஜி ஒரு பக்கம், இந்திரா மறுபக்கம். சின்னம் அப்போது நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. ஆணையம் இந்திரா பக்கம் சொன்னது. எதிர்த்தரப்பில் சாதிக் அலி உச்ச நீதிமன்றம் போனார். 1971-ல் வந்த தீர்ப்பு, பெரும்பான்மையைப் பார்த்து முடிவெடுத்தது சரியே என்றது. சின்னம் ஒன்றும் பங்காளிகள் பிரித்துக்கொள்ளும் சொத்து அல்ல என்றும் சொன்னது.

அன்று முதல் மூன்று உரைகல்கள் பேசப்படுகின்றன. கட்சியின் நோக்கத்தை யார் பின்பற்றுகிறார்கள், கட்சி விதிப்படி யார் நடந்தார்கள், பெரும்பான்மை யார் பக்கம். முதல் இரண்டிலும் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், முடிவு வராது. மூன்றாவதில் எண்ணிவிடலாம். அந்த மூன்றாவதிலும் இரண்டு பகுதி உண்டு: பொதுக்குழு போன்ற கட்சி அமைப்பில் யாருக்குப் பெரும்பான்மை, எம்எல்ஏ எம்பிக்களில் யாருக்குப் பெரும்பான்மை. கட்சி அமைப்பின் பட்டியலே தகராறாக இருந்தால் கடைசியில் எம்எல்ஏ எம்பி கணக்குதான் மிஞ்சும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கையில் ஆட்சி இருக்கும் தரப்புக்கு எம்எல்ஏக்களைச் சேர்ப்பது எளிது. கிளைச் செயலாளர் என்ன நினைக்கிறார் என்பதைச் சேர்த்துக் கேட்பது கடினம். ஆனால் நடைமுறை இதுதான்.

"கட்சியை ஆரம்பித்தவர் பக்கம்தானே நியாயப்படி சின்னம் போகணும்?"

நியாயத்தை நீங்கள் சொல்லலாம், கணக்கு வேறு சொல்லும். என்.டி.ஆர். தொடங்கிய தெலுங்கு தேசம் 1995 ஆகஸ்டில் அவர் மருமகன் சந்திரபாபு நாயுடு பக்கம் போனது. முலாயம் சிங் தொடங்கிய சமாஜ்வாதியின் சைக்கிள் 2017 ஜனவரியில் மகன் அகிலேஷுக்குக் கிடைத்தது. சரத் பவார் தொடங்கிய தேசியவாத காங்கிரஸின் கடிகாரம் 2024 பிப்ரவரியில் அண்ணன் மகன் அஜித் பவாருக்குப் போனது.

மூன்றிலும் குடும்பத்துக்குள்தான் கைமாறியது. இதை ஒரு விதியாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது, சொன்னேன்.

"வைகோ பின்னால் 9 மாவட்டச் செயலாளர்கள் போனாங்களே, அப்புறம் ஏன் உதயசூரியன் கிடைக்கலை?"

1993-ல் திமுகவிலிருந்து நீக்கப்பட்டபோது அவர் தரப்பு கட்சிக்கும் சின்னத்துக்கும் உரிமை கோரியது உண்மைதான். 9 மாவட்டச் செயலாளர்கள் என்பது தெருவில் பெரிய பலம். ஆனால் மேலே சொன்ன எண்ணிக்கையில் மொத்தப் பொதுக்குழுவும் வரும். அங்கே பெரும்பான்மை கருணாநிதி பக்கம் இருந்தது. 1994 மே 6-ல் மதிமுக தனிக் கட்சியானது. 1996 தேர்தலில் ஒரு இடமும் கிடைக்கவில்லை. கூட்டத்துக்கு வருபவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடுபவர்கள் அல்ல என்று எங்கள் மேசையில் அன்று பேசிக்கொண்டோம். பாவம், அந்த ஊர்வலங்களைப் பார்த்தவர்களுக்கு நம்பவே முடியவில்லை.

"சின்னம் முடக்கம்னா என்ன? நிரந்தரமா போயிடுமா?"

போகாது. முடிவெடுக்க நேரம் வேண்டும், அதற்குள் தேர்தல் வந்துவிட்டது என்றால் இரண்டு பேருக்கும் கொடுக்காமல் ஆணையம் எடுத்து வைத்துக்கொள்ளும். தற்காலிகமாக வேறு பெயர், வேறு சின்னம்.

தமிழ்நாட்டில் இரட்டை இலைக்கு இது இரண்டு முறை நடந்தது. எம்ஜிஆர் 1987 டிசம்பர் 24-ல் மறைந்த பிறகு ஜானகி அணி, ஜெயலலிதா அணி. ஜானகி அம்மாள் 1988 ஜனவரியில் மூன்று வாரம் முதல்வராக இருந்தார். சட்டமன்றத்துக்குள் போலீஸ் தடியடி நடந்த அந்த நம்பிக்கை வாக்கெடுப்பு 28-ஆம் தேதி, 30-ல் ஆட்சி கலைக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜானகிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதாவுக்குச் சேவல். திமுக ஆட்சிக்கு வந்தது, சேவல் 27 இடங்கள் வாங்கியது, ஜானகி ஆண்டிப்பட்டியில் தோற்றார். அடுத்த மாதமே அணிகள் இணைந்தன, இலை திரும்ப வந்தது. மார்ச்சில் மதுரை கிழக்கு, மருங்காபுரி இடைத்தேர்தல்களில் அதே இலை ஜெயித்தது.

இரண்டாவது, 2017 மார்ச். ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்காக இலையை முடக்கினார்கள். ஓ. பன்னீர்செல்வம் அணிக்கு மின்கம்பம், சசிகலா அணிக்குத் தொப்பி. பணப் பட்டுவாடா புகாரில் அந்தத் தேர்தலே ரத்தானது வேறு கதை. ஆகஸ்டில் பழனிசாமியும் பன்னீர்செல்வமும் இணைந்தார்கள், நவம்பரில் இலை அவர்களுக்கு வந்தது.

"சின்னம் கிடைச்சா பாதித் தேர்தல் ஜெயிச்ச மாதிரிதானே?"

இலை திரும்பி வந்த அடுத்த மாதம், அதே ஆர்.கே. நகரில் இலையைத் தோற்கடித்தது பிரஷர் குக்கர். சசிகலா அணியின் தினகரன் சுயேச்சையாக நின்று 40,000-க்கும் அதிக வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971-ல் இந்திராவுக்கும் காளை கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் பசுவும் கன்றும் சின்னத்தில் நின்றார், 352 இடங்கள். ராட்டை நூற்கும் பெண் சின்னத்தில் நின்ற எதிர்த்தரப்புக்கு 16.

அதற்காகச் சின்னம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் கடிகாரம் இல்லாத சரத் பவாருக்கு 8, கடிகாரம் வைத்திருந்த அஜித்துக்கு 1. ஆறு மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது, அஜித்துக்கு 41, சரத் பவாருக்கு 10. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, அதே சின்னங்கள். எதையும் அடித்துச் சொல்லாதீர்கள்.

"எம்எல்ஏ அணி மாறினா பதவி போயிடுமா?"

1985-ல் 52-ஆவது திருத்தம் வழியாக வந்த பத்தாவது அட்டவணைதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். இரண்டு வகையில் பதவி போகலாம். கட்சி உறுப்பினர் நிலையைத் தானாக விட்டுக்கொடுத்தால் ஒன்று. கொறடா, அதாவது அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர், அவர் உத்தரவை மீறி வாக்களித்து, அல்லது வராமல் இருந்து, அதைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் இன்னொன்று. "தானாக" என்றால் ராஜினாமாக் கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை, நடத்தையை வைத்தே முடிவெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொல்லிவிட்டது.

முடிவெடுப்பவர் சபாநாயகர். அவரும் ஒரு கட்சிக்காரர்தான் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

"மூணில் ஒரு பங்கு பேர் சேர்ந்து போனா தப்பிச்சிடலாம்னு என் மாமா சொல்றார். சரியா?"

உங்கள் மாமா பழைய சட்டத்தைச் சொல்கிறார். மூன்றில் ஒரு பங்கு என்பது 2003-ல் 91-ஆவது திருத்தத்தோடு போய்விட்டது. இப்போது இருப்பது இணைப்பு மட்டும்: கட்சி இன்னொரு கட்சியோடு இணைகிறது, அதை அந்த அவையிலுள்ள உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்க வேண்டும். கோவாவில் 2019-ல் 15 காங்கிரஸ் எம்எல்ஏக்களில் 10 பேர் பாஜகவில் சேர்ந்தார்கள். 15-ல் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"2017-ல் 11 பேர் அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டாங்க, ஒண்ணும் ஆகலை. 18 பேர் கவர்னரிடம் கடிதம்தான் கொடுத்தாங்க, பதவி போச்சு. இது என்ன நியாயம்?"

மிகவும் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். 2017 பிப்ரவரி 18 வாக்கெடுப்பில் பழனிசாமி அரசுக்கு 122 ஆதரவு, எதிராகப் பன்னீர்செல்வம் தரப்பின் 11. ஆகஸ்டில் அந்த 11 பேரும் இணைந்துவிட்டார்கள், பன்னீர்செல்வம் துணை முதல்வரே ஆனார். சபாநாயகர் அவர்கள் மீது முடிவெடுக்கவில்லை. திமுக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அதைச் சபாநாயகரிடமே விட்டது, 2021-ல் சட்டமன்றக் காலமே முடிந்தது.

தினகரன் பக்கம் நின்ற 18 பேர் முதல்வருக்கான ஆதரவை விலக்கி ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அது உறுப்பினர் நிலையைத் தானாக விட்டுக்கொடுத்ததற்குச் சமம் என்று சபாநாயகர் செப்டம்பர் 18-ல் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள், மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் சபாநாயகர் செய்தது சரி என்றார். சட்டப்படி இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டது நியாயத்தை. ஒரு பக்கம் சபாநாயகர் எடுத்த முடிவு, இன்னொரு பக்கம் அவர் எடுக்காத முடிவு. எடுக்காத முடிவை நீதிமன்றத்தில் உடைப்பது மிகக் கடினம். வழக்கமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மணிப்பூர் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதனால்தான்.

"மகாராஷ்டிர வழக்கில் கோர்ட்டு ஷிண்டே பக்கம் தப்புன்னு சொல்லிச்சா, சரின்னு சொல்லிச்சா?"

இரண்டும் இல்லை, இரண்டும்தான். 2022-ல் சிவசேனை உடைந்து, முதல்வர் உத்தவ் தாக்கரேயை எதிர்த்து ஷிண்டே ஒரு அணியோடு பிரிந்ததில் வந்த வழக்கு இது. 2023 மே 11 தீர்ப்பு, ஆளுநர் நம்பிக்கை வாக்கெடுப்புக்குச் சொன்னது தவறு என்றது. ஷிண்டே தரப்புக் கொறடாவைச் சபாநாயகர் ஏற்றதும் தவறு, கொறடாவை நியமிப்பது அரசியல் கட்சி, சட்டமன்றக் குழு அல்ல என்றது. ஆனால் உத்தவ் தாக்கரே வாக்கெடுப்பைச் சந்திக்காமல் தானே ராஜினாமா செய்துவிட்டார், ஆகவே அவரை மீண்டும் அமர்த்த முடியாது என்று முடித்தது.

சின்னத்தை அதற்கு முன்பே, பிப்ரவரியில், ஆணையம் ஷிண்டேவுக்குக் கொடுத்திருந்தது. சிவசேனையின் கட்சி விதிகள் ஜனநாயக முறையில் இல்லை என்று சொல்லி, அமைப்புப் பெரும்பான்மையை ஒதுக்கிவிட்டு எம்எல்ஏ எம்பி கணக்கையே எடுத்துக்கொண்டது. விதிப்புத்தகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளாத கட்சிக்கு அது எந்த நாளில் திருப்பி அடிக்கும் என்று சொல்ல முடியாது.

"பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுட்டா முடிஞ்சு போச்சா?"

அதிமுகவில் 2022-ல் நடந்ததைச் சொன்னால் விளங்கும். பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்ஜிஆர் காலத்து விதி. ஜெயலலிதா மறைவுக்குப் பின் 2017 செப்டம்பரில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டு ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரட்டைத் தலைமை கொண்டுவந்தார்கள். 2022-ல் ஒற்றைத் தலைமை வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஜூலை 11 பொதுக்குழு பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கி, பன்னீர்செல்வத்தை நீக்கியது.

பிறகு ஊஞ்சல்தான். ஆகஸ்டில் தனி நீதிபதி பன்னீர்செல்வத்துக்குச் சாதகம், செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு பழனிசாமிக்குச் சாதகம், 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மார்ச்சில் பழனிசாமி போட்டியின்றிப் பொதுச் செயலாளரானார். தீர்மானத்தை நீதிமன்றம் எடைபோடாது. கூட்டத்தை யார் கூட்டினார்கள், விதிப்படி கூட்டினார்களா என்றுதான் பார்க்கும். பொதுக்குழுவுக்கு அழைப்பிதழ் போகிறது என்றால் அதில் கையெழுத்து யாருடையது என்று முதலில் பாருங்கள்.

"உட்கட்சித் தேர்தல் நடத்தாத கட்சியை ஆணையம் கலைக்க முடியுமா?"

முடியாது. பதிவு செய்யும் அதிகாரம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் இருக்கிறது. பதிவை ரத்து செய்யும் பொது அதிகாரம் இல்லை, மோசடியாகப் பதிவு வாங்கியது போன்ற மிகச் சில நிலைகளில்தான் முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. கடிதம் எழுதி நினைவூட்டலாம், கணக்குக் கேட்கலாம். அதனால்தான் பல கட்சிகளில் தேர்தல் என்பது "போட்டியின்றித் தேர்வு" என்ற ஒரு வரிச் செய்தியாக எங்கள் மேசைக்கு வரும்.

"கட்சி ஆபீஸ், பேங்க் பணம் எல்லாம் சின்னத்தோடயே போயிடுமா?"

தானாகப் போகாது. ஆணையம் பெயரையும் சின்னத்தையும்தான் தீர்மானிக்கும், சொத்துக்கு உரிமையியல் நீதிமன்றம். 2022 ஜூலை 11-ல் ராயப்பேட்டை அதிமுக அலுவலகத்தில் இரு தரப்பும் மோதி, வருவாய்த் துறை சீல் வைத்ததும், 20-ஆம் தேதி உயர் நீதிமன்றம் சாவியைப் பழனிசாமியிடம் கொடுக்கச் சொன்னதும் நினைவிருக்கும். அதைச் சின்ன வழக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"நான் ஒரு கிளைச் செயலாளர். ரெண்டு அணியும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறாங்க. ரெண்டிலும் போட்டுட்டா பிரச்சினை வராதே?"

வரும். அது சத்தியம் செய்து கொடுக்கும் பத்திரம், பொய் என்றால் குற்றம். கையெழுத்துகளை ஒத்துப் பார்ப்பதற்கென்றே எதிர்த்தரப்பில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். தேசியவாத காங்கிரஸ் வழக்கில் இரண்டு பக்கமும் பத்திரம் கொடுத்த மக்கள் பிரதிநிதிகளே இருந்தார்கள், அது ஆணையத்தின் உத்தரவில் பதிவாகி ஊருக்கே தெரிந்தது. முடிவு செய்ய முடியவில்லை என்றால் எதிலும் போடாமல் இருங்கள். இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் பொய் சொன்னவர் என்ற பெயர் வராது.

"ஒரு கட்சி உடையப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா சார்?"

ஜோதிடம் எனக்கு வராது. ஆனால் எங்கள் மேசையில் சிலவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்போம். சுவரொட்டியில் யார் படம் சின்னதாகிறது, நாளிதழ் விளம்பரத்தில் பெயர் வரிசை எங்கே மாறுகிறது, விமான நிலையத்துக்கு வரவேற்கப் போன மாவட்டச் செயலாளர்கள் யார், உடம்பு சரியில்லை என்று செயற்குழுவுக்கு வராதவர்கள் எத்தனை பேர். இதெல்லாம் சந்தேகம்தான். "எங்களுக்குள் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை" என்று இரண்டு தலைவர்களும் ஒரே நாளில் தனித்தனியாக அறிக்கை விட்டால், அன்று மாலையே இரண்டு அணிக்கும் தனித்தனி ஃபைல் திறந்துவிடுவோம்.